பியூன் எழுந்து நிற்கட்டும்

பாட்டிலைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும் என்று எனக்குத் தெரியும். பாட்டிலும் சாகும் என்பதை யாரும் சொல்லித் தரவில்லை.

நான்கு பால் பாட்டில்களையும் பெரிய பாத்திரத்தில் போட்டு அடுப்பில் ஏற்றிவிட்டு, கொதி வருவதற்குள் கொட்டகைக்குப் போய் ஆட்டுக்குட்டிகளை ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். என்னுடைய ஒரு எட்டு எப்போதுமே கொஞ்சம் நீளம். திரும்பி வந்தபோது சமையலறை முழுக்கப் புகை. பாத்திரத்தில் தண்ணீர் இல்லை. அடியில் நான்கு பாட்டில்களும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்து, இனிப் பிரிவதில்லை என்று முடிவெடுத்திருந்தன. ரப்பர் காம்புகள் மட்டும் மேலே துருத்திக்கொண்டு நின்றன. ஏதோ கடலடிப் பிராணி தப்பித்தவறி எங்கள் வீட்டு அடுப்பில் கரையேறிய மாதிரி இருந்தது.

மனைவி வந்து பார்த்தாள். ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள்; எல்லாவற்றையும் சொட்டுக் கணக்கில் அளந்து பழகியவள். கோபம் வந்தால் கத்த மாட்டாள், அளப்பாள். பாத்திரத்தை அளந்தாள், புகையை அளந்தாள், கடைசியாக என்னை உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை அளந்தாள்.

"என்னங்க இது?"

"கிருமி எல்லாம் செத்துப்போச்சு" என்றேன். அது ஒன்றுதான் என் பக்கம் இருந்த நல்ல செய்தி.

"ரொம்ப சந்தோஷம். இனிமே குட்டிங்களுக்குப் பால் கொடுக்கிறது நான் மட்டும்தான். நீங்க கொட்டகைக்கு வரலாம், புழுக்கை கூட்டலாம், தண்ணி ஊத்தலாம். பாட்டிலைத் தொடக் கூடாது."

அன்றைக்கே கடைக்குப் போய்ப் புதுப் பாட்டில்கள் வாங்கி வந்தாள். கொட்டகைச் சுவரில் ஒரு கரும்பலகையை மாட்டி, ஒரு வேளைக்கு ஒரு குட்டிக்கு எவ்வளவு என்று சாக்கட்டியால் எழுதி, கீழே 'கொடுப்பது நான் மட்டும்' என்று அடிக்கோடும் போட்டாள். என் மாமனாருக்கு இந்தத் தடை முந்தியே வந்துவிட்டது. அவர் பால் கொடுப்பார், கொடுத்ததை மறப்பார், மறுபடி கொடுப்பார். "மறதி எல்லாம் இல்ல மாப்ள, கருணை" என்பார் என்னிடம் தனியாக.

இந்த இடத்தில் நாங்கள் யார், எங்களுக்கும் ஆட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று சொல்லிவிடுகிறேன். நான் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் குப்பை கொட்டியவன். நஷ்டஈடு கேட்டு எழுதுகிறவர்களுக்கு 'தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது' என்று பதில் எழுதுவது என் உத்தியோகம். கிடைக்குமா கிடைக்காதா என்று யாருக்கும் நேராகச் சொன்னதே கிடையாது. ஒருநாள் திடீரென்று மண்ணும் காற்றும் வேண்டும் என்று ஒரு வேகம் வந்தது. வேலையை விட்டேன். ஊருக்கு வெளியே கொஞ்சம் நிலமும் ஒரு கொட்டகையும் சேர்ந்த வீட்டை ஒரு வருட வாடகைக்குப் பிடித்தேன். மனைவி மறுப்பேதும் சொல்லவில்லை. சம்மதம் என்றும் சொல்லவில்லை. "பேசலாம்" என்றாள். பேசுவதற்குள் சாமான்கள் வண்டியில் ஏறிவிட்டன. கூடவே அவள் அப்பாவும் ஏறிவிட்டார்.

முதலில் காய்கறி போட்டேன். வெண்டை விதைத்த இடத்தில் ஒரே ஒரு செடி வந்தது; அது வெண்டை இல்லை. பிறகு கோழி. கோழிகள் வேலியைத் தாண்டிப் பக்கத்துத் தோட்டத்துக்குக் குடிபோய்விட்டன. பக்கத்துத் தோட்டக்காரர் நல்ல மனிதர். எப்போதாவது நாலு முட்டை கொண்டுவந்து கொடுத்து, "நம்ம கோழி போட்டது" என்பார். நன்றி சொல்லி வாங்கிக்கொள்வோம். அதன் பிறகுதான் சினை ஆடுகள் சிலவற்றை வாங்கினோம். அதில் எங்களுக்கு யோகம் அதிகமாகவே அடித்துவிட்டது. ஒரு ஆடு மூன்று போட்டது, இன்னொன்றும் மூன்று போட்டது. ஆட்டுக்கு மடியில் காம்பு இரண்டுதான். போதாக்குறைக்கு ஒரு தாய், தான் ஈன்ற இரண்டையும் முகர்ந்து பார்த்துவிட்டு, இதுகள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டது. இப்படியாக நான்கு குட்டிகள் பாட்டிலை நம்பி வந்தன.

"பேர் வைக்கக் கூடாது" என்றாள் மனைவி முதல் நாளே. "பேர் வச்சா பாசம் வரும். பாசம் வந்தா அளவு தப்பும்."

நான் பெயர் வைக்கவில்லை. பதவிதான் கொடுத்தேன். பாட்டிலைக் கண்டால் முதலில் வந்து நின்று, மற்ற நேரத்தில் எந்த வேலையும் செய்யாத கொழுத்த குட்டி மேனேஜர். வாயில் அகப்பட்டதை, அது என் சட்டை நுனியானாலும், திருப்பித் தராதது கேஷியர். எந்நேரமும் எதையாவது குறை சொல்லிக் கத்திக்கொண்டிருப்பது கிளார்க். நான்காவது, எல்லாரையும்விடச் சின்னது, ஒரு காது மடங்கியது, மற்றவர்கள் இடித்துத் தள்ளினாலும் மறுபடி வந்து ஓரமாக நிற்பது. அது பியூன். நான் துடைப்பத்தை எடுத்தால் துடைப்பத்தின் பின்னால் வரும். வாளியை எடுத்தால் வாளிக்கு முன்னால் போகும். என் அலுவலக வாழ்க்கை முழுக்க ஒரு பியூன்கூட நான் சொன்னதைக் கேட்டதில்லை. இவன் நான் சொல்லாததையும் கேட்டான்.

இதற்கிடையில் வருடம் முடியப்போகிறது, மாசக் கடைசிக்குள் தொடர்கிறீர்களா காலி செய்கிறீர்களா என்று சொல்லுங்கள் என வீட்டுக்காரர் கேட்டிருந்தார். நான் மனைவியிடம் கேட்டேன்.

"நாம இங்கேயே இருக்கோமா, போறோமா?"

"பேசலாம்" என்றாள். "முதல்ல அந்தக் கதவைச் சாத்துங்க, ஈ வருது."

மறுபடி ஒருநாள் கேட்டேன். "துணி காஞ்சிருக்கான்னு பாருங்க" என்றாள். இன்னொரு நாள் கேட்டபோது, பல்லில் துணிக்கிளிப்பைக் கவ்விக்கொண்டிருந்தாள். அதை எடுத்துவிட்டுப் பேசும் எண்ணமும் அவளிடம் தெரியவில்லை. எனக்கு விஷயம் புரிந்துபோயிற்று. பாவம், அவளுக்கு இங்கே பிடிக்கவில்லை. என் மனம் நோகக் கூடாதென்று சொல்லாமல் இருக்கிறாள். என் வெண்டைச் செடியைப் பார்த்த எந்தப் பெண்ணும் அப்படித்தான் நினைப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் குட்டிகள் விழ ஆரம்பித்தன.

முதலில் மேனேஜர். மதியச் சாப்பாடு முடிந்ததும் இரண்டடி நடந்தார், கால் பின்னியது, பக்கவாட்டில் சாய்ந்தார். வயிறு ஊதி, தட்டினால் மத்தளம் மாதிரிச் சத்தம் வந்தது. கண் செருகி, 'ம்ம்ம்' என்று முனகல். மறுநாள் காலையில் கொஞ்சம் தெளிந்து நடமாடினார். மதியம் மறுபடி விழுந்தார். அடுத்து கேஷியர், அப்புறம் கிளார்க். கிளார்க் குறை சொல்வதையே நிறுத்திவிட்டார். கழிச்சல் வேறு. கடைசியாக பியூன். மற்ற மூன்றும் காலையில் எழுந்துகொள்ளும். பியூன் அதுவும் செய்யவில்லை. துடைப்பத்தை எடுத்தேன், தலையை மட்டும் தூக்கிப் பார்த்தான்.

"குட்டிங்க எழுந்து நிக்கட்டும்" என்றாள் மனைவி அன்றைக்கு, நான் கேட்காமலே. "அப்புறம் பேசலாம்."

ஆக, நாங்கள் இருப்பதும் போவதும் அந்தச் சின்னக் கால்களில் வந்து நின்றது. நின்றது என்று எழுதுகிறேன்; அதுதான் நிற்கவில்லையே.

நான் கைப்பேசியில் தேடினேன். அறிகுறிகளை ஒன்றுவிடாமல் தட்டியதில், குதிரைகளுக்கு மட்டுமே வரும் ஒரு நோய் முதலில் வந்தது. அடுத்து வந்த நோயின் அறிகுறிகளைப் படித்தேன்: சாப்பிட்டதும் அசதி, வயிறு உப்புசம், படுத்தால் எழுந்திருக்க மனமில்லாமை. எனக்கு வியர்த்துவிட்டது. அத்தனையும் எனக்கு இருந்தது.

"மாமா, இது மனுஷனுக்கும் தொத்துமா?" என்று மாமனாரிடம் கேட்டேன்.

"உங்களுக்கு இது கல்யாணமான நாள்லேருந்து இருக்கு மாப்ள. ஆட்டுக்குட்டி மேல பழி போடாதீங்க."

அவருடைய கட்சி, தரை ஈரம். ஈரம் காலில் ஏறி வயிற்றுக்குப் போகிறது என்றார். தன் கம்பளியைக் கொண்டுவந்து பியூனுக்குப் போர்த்தினார். அந்த ஒரு காரியத்துக்காக அவர் சொன்ன மற்ற எல்லாவற்றையும் நான் மன்னிக்கத் தயார்.

கால்நடை டாக்டரைக் கூப்பிட்டோம். எங்கள் வட்டாரத்தில் அவருக்கு 'பாக்கலாம் டாக்டர்' என்று பெயர். பருத்த உடம்பு, மெதுவான நடை. எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான். பரிசீலனையில் உள்ளது என்று எழுதி எழுதிச் சம்பளம் வாங்கியவனுக்கு இப்படி ஒரு டாக்டர் வாய்த்ததில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

குட்டிகளின் பின்பக்கம் தெர்மாமீட்டர் வைத்தார். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். வயிற்றில் விரலால் சுண்டினார். கழிச்சலைக் குப்பியில் எடுத்துக்கொண்டார்.

"என்ன வியாதி டாக்டர்?"

"பாக்கலாம்."

"தொத்து வியாதியா?"

"அதையும் பாக்கலாம்."

"பொழைக்குமா?"

"பொழைச்சா பாக்கலாம்."

பிறகு கரும்பலகையைப் பார்த்தார். "பால் யாரு கொடுக்கிறது?"

"நான் மட்டும்தான்" என்றாள் மனைவி.

"எவ்வளவு?"

அவள் வாயால் சொல்லவில்லை, பலகையைக் காட்டினாள். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

"வேற யாரும் கொடுக்கிறதில்லையே?"

நான் கூரையைப் பார்த்தேன். கூரையில் ஒரு ஓட்டை இருந்தது. அதில் எனக்குத் திடீரென்று மிகுந்த அக்கறை வந்தது. மாமனாருக்குக் காது கேட்காமல் போயிற்று. அவருக்கு வேண்டும்போது கேட்காமல் போகும்.

டாக்டர் மூலையிலிருந்த, குட்டிகளுக்குக் கரைத்துக் கொடுக்கும் பால்பவுடர் மூட்டையைத் தூக்கிப் பார்த்தார். "போன தடவை ஆட்டுக்கு ஊசி போட வந்தப்பதானே இதைப் பிரிச்சீங்க? அதுக்குள்ள காலியா?"

"எலி" என்றோம் நாங்கள்.

நாங்கள் என்றால் மூன்று பேரும். ஒரே நேரத்தில், ஒரே குரலில்.

டாக்டர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "பெரிய எலியா இருக்கும்போல" என்று சொல்லி, "நாளைக்கு வரேன், பாக்கலாம்" என்று பையை எடுத்துக்கொண்டு போனார்.

இப்போது என் எலித்தனத்தைச் சொல்ல வேண்டும். பாட்டில் வெந்துபோன மறுநாளிலிருந்தே, மதியச் சாப்பாட்டுக்குப் பின் மனைவி கொடியில் துணி எடுக்கப் போகும் நேரமாகப் பார்த்து, நான் கொட்டகைக்கு ஒரு பாட்டிலோடு போய்க்கொண்டிருந்தேன். முதலில் பியூனுக்கு மட்டும். அவனை மற்றவர்கள் இடித்துத் தள்ளிவிடுவார்கள், வயிறு நிறைந்திருக்காது என்று எனக்கு ஒரு எண்ணம். ஒருவனுக்குக் கொடுத்தால் மற்ற மூவரும் கத்திக் காட்டிக்கொடுப்பார்கள். அதனால் அவர்களுக்கும் வாயடைப்பு. மூட்டை வேகமாகக் காலியானபோது ஒரே ஒரு பயம்தான் இருந்தது, மனைவி கேட்டுவிடுவாளோ என்று. அவள் கேட்கவே இல்லை. கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். குட்டிகள் விழத் தொடங்கியதும், உடம்பில் தெம்பில்லை என்று இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தேன்.

மறுநாள் மதியம். மாமனார் வழக்கம்போல் தூங்கப் போவதாக அறிவித்துவிட்டு அறைக்குப் போனார். மனைவி துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். நான் சட்டைக்குள் பாட்டிலைச் செருகி, துண்டால் மறைத்து, ஒருபக்கம் கர்ப்பிணி மாதிரிக் கொட்டகைக்குள் நுழைந்தேன்.

பியூன் கம்பளிக்குள் கிடந்தான். மூச்சு மேலுக்கு வாங்கியது. வயிறு முன்னைக்கு இப்போது இன்னும் ஊதி, தோல் பளபளத்தது. காம்பை வாயில் வைத்தேன், குடிக்கவில்லை. பக்கத்திலிருந்து மேனேஜர் படுத்தபடியே எட்டிக் குடித்தார்.

"எந்திரிடா ராஜா" என்றேன் பியூனிடம். "நீ நின்னாத்தான் அவ பேசுவா. அவ போகணும்னு சொன்னா போயிடலாம், அது பரவாயில்ல. நீ செத்து, அதனால போனோம்னா, அது என்னால ஆகாது. பழைய ஆபீஸ்லயே வேலை கேட்டுக்கிறேன், போதுமா? சும்மா ஒரு தடவை நில்லு."

வெளியே காலடிச் சத்தம்.

பாட்டிலோடு வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் பாய்ந்தேன். வைக்கோல் இவ்வளவு மெத்தென்று இருக்குமா என்று நினைத்தேன். இருக்காது. நான் உட்கார்ந்திருந்தது பாக்கலாம் டாக்டரின் மடியில்.

அவர் கையில் பிஸ்கட் பொட்டலம் இருந்தது. வாயில் விரல் வைத்து, "நகர்ந்து உக்காருங்க, கால் மரத்துப்போச்சு" என்றார் ரகசியமாக.

"நீங்க எப்ப வந்தீங்க?"

"நீங்க ராஜான்னு கூப்பிடறதுக்கு முன்னாடியே."

எனக்கு அப்படியே வைக்கோலைத் தின்று செத்துவிடலாம் போல் இருந்தது. அவர் ஒரு பிஸ்கட்டை நீட்டினார்.

உள்ளே வந்தது மாமனார். தூங்கிக்கொண்டிருக்க வேண்டியவர், கையில் பிளாஸ்க்கோடு அடிமேல் அடி வைத்து வந்தார். மூடியில் ஊற்றினார். ஆவி பறக்கும் பால். விரலை நனைத்துச் சூடு பார்த்து, கோட்டுப் பையிலிருந்து தனியாக ஒரு காம்புப் பாட்டிலை எடுத்து நிரப்பினார்.

"குடிங்கடா" என்றார் கேஷியரிடம். "இந்த வீட்டுல வயிறுன்னு ஒண்ணு இருக்கிறதே யாருக்கும் தெரியல. எனக்கு சர்க்கரை போடாத காபி, உனக்கு அளந்து வச்ச பால். என் பொண்ணு பொறக்கும்போதே கையில தராசோட பொறந்தா. மாப்பிள்ளை இருக்காரு, தங்கமான மனுஷன். ஆனா பாட்டிலைப் போய் வேக வச்சிருக்காரு பாரு. பசிச்சிருக்கும்போல."

டாக்டரின் வயிறு குலுங்கியது. சத்தமில்லாமல் சிரிப்பதற்கு அந்த வயிறு பழகியிருக்கவில்லை. வைக்கோல் கட்டும் சேர்ந்து ஆடியது.

மறுபடி காலடி. மாமனார் பிளாஸ்க்கை மூடினார், சுற்றிப் பார்த்தார், நேராக எங்கள் பக்கமே ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"மாப்ள, நீங்களா!"

"உஷ்."

"டாக்டருமா!"

"உஷ்" என்றார் டாக்டர். "தள்ளி உக்காருங்க, பிஸ்கட் நொறுங்குது."

இந்தமுறை வந்தது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. இடுப்பில் துணிக்கூடை. வாசலில் நின்று இருபுறமும் பார்த்தாள். உள்ளே வந்து, முதல் காரியமாகக் கரும்பலகையைக் கழற்றி, எழுத்துப் பக்கம் சுவரைப் பார்க்கும்படி திருப்பி மாட்டினாள். தன் கையெழுத்துக்கு முன்னால் செய்யக் கூசிய காரியத்தை அப்புறம் செய்தாள்: காய்ந்த துணிகளுக்கு அடியிலிருந்து இரண்டு பாட்டில்களை எடுத்தாள். மாமனார் என் விலாவில் இடித்தார். அது வேதனையா சந்தோஷமா என்று தெரியவில்லை. இடி பலமாக இருந்தது.

அவள் நேராகப் பியூனிடம் போய், மண்ணில் உட்கார்ந்து, அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"பியூன் கண்ணு" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெயர் வைக்கக் கூடாது என்றவள்! நான் வைத்தது அவளுக்கு எப்படித் தெரியும்? நான் கொட்டகையில் பேசுவது துணிக் கொடிவரை கேட்கும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஒரு வாய் குடி. ஒரே ஒரு வாய். நான் சரியாத்தான் அளந்தேன், ஆனா நீ இப்படிக் கிடந்தா என் அளவு தப்போன்னு இருக்குடா."

டாக்டர் சட்டென்று எழுந்தார். "அம்மா, அவனுக்குக் கொடுக்காதீங்க!"

அவர் எழுந்ததில் சாய்ந்திருந்த கட்டு சரிந்து, நாங்களும் வெளியே தெரிந்தோம். மனைவி பாட்டில்களை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். பிறகு, குற்றம் செய்தவர்கள் வழக்கமாகச் செய்வதைச் செய்தாள்.

"நீங்க மூணு பேரும் இங்க என்ன பண்றீங்க?"

"எலி பிடிக்கிறோம்" என்றார் டாக்டர்.

மேனேஜர் ஏப்பம் விட்டார். டாக்டர் என் சட்டைக்குள்ளிருந்த பாட்டிலை, மாமனாரின் பிளாஸ்க்கை, மனைவியின் இரண்டு பாட்டில்களை வாங்கி வரிசையாகத் தரையில் வைத்தார்.

"இது ஒரு மதியத்துக்கா?"

"நான் காலையிலயும் கொஞ்சம்..." என்றார் மாமனார்.

"சாயந்தரம் ஒரு தடவை" என்றேன் நான்.

"நான் பலகையில எழுதினதைத் தவிர..." என்று தொடங்கிய மனைவியால் முடிக்க முடியவில்லை. "மூட்டை காலியானது என்னாலதான்னு நினைச்சேன். அதான் உங்களைக் கேக்கல."

"நானும்தான்" என்றேன்.

"நானும்" என்றார் மாமனார், இப்போது காது நன்றாகக் கேட்டு.

டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளவில்லை. கை பாதி தூரம் போனது. "வியாதி எதுவும் இல்ல. குப்பியில வியாதிக் கிருமி ஒண்ணுகூட இல்லைன்னு காலையிலேயே தெரிஞ்சுபோச்சு. இந்தச் சின்ன வயித்துக்கு உண்டானது பலகையில இருக்கு. அதுக்கு மேல போறது உள்ளே தங்கிப் புளிச்சு, காத்தா மாறுது. சோடா பாட்டிலைக் குலுக்கி மூடி வச்ச மாதிரி. விழுந்தா தெம்பு வரட்டும்னு இன்னும் கொடுத்திருக்கீங்க. பெரிய மூணும் தாங்கிடுச்சு. சின்னவனுக்கு உள்ளே இடமே இல்ல. விட்டா மூச்சு முட்டிச் செத்துடுவான்."

சிரிப்பெல்லாம் அங்கே நின்றுபோயிற்று. மனைவி பியூனை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் பையிலிருந்து மெல்லிய ரப்பர் குழாயை எடுத்து எண்ணெய் தடவி, அவன் வாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டார். நான் காலைப் பிடித்தேன். நான்கு காலும் என் ஒரு கைக்குள் அடங்கின. குழாயின் மறுமுனையில் 'புஸ்' என்று காற்று வந்தது. கொட்டகை முழுக்க நாற்றம் பரவியது. மாமனார் பழக்கதோஷத்தில் என்னைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் காத்து உள்ளே இருக்கு" என்றார் டாக்டர் குழாயை உருவிக்கொண்டு. "படுக்க விடாதீங்க. நிமித்திப் பிடிச்சு, இடது பக்கம் தேய்ச்சுக்கிட்டே இருங்க. நாலு பேருக்கும் இன்னைக்கு இனிமே பால் கிடையாது, இந்த உப்புத் தண்ணி மட்டும். நாளைக்குக் காலையில பலகையில பாதி."

"பொழைச்சுடுவானா டாக்டர்?" என்றேன்.

அவர் பியூனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பாக்கலாம்" என்றார். ஆனால் வாசலிலிருந்து திரும்பி வந்து மிச்சமிருந்த பிஸ்கட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அது அவருடைய அகராதியில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை.

முறை வைத்துப் பிடித்துக்கொண்டோம். ஒருவர் நிமிர்த்திப் பிடிப்பது, ஒருவர் தேய்ப்பது, மூன்றாமவர் மற்ற இருவரும் பால் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்வது. பசிக்கிறதென்று கிளார்க் கத்தத் தொடங்கியதும் மாமனாரால் தாங்க முடியவில்லை. "நான் இங்க இருந்தா கொடுத்துடுவேன்" என்று நேர்மையாகச் சொல்லிவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

நானும் அவளும் மிஞ்சினோம். கொட்டகை வாசலில் வெயில் சாய்ந்து உள்ளே நீண்டது. பியூனின் முன்னங்கால்கள் என் தோளில் இருந்தன; அவள் பின்னாலிருந்து வயிற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் இடையில் ஒரு ஆட்டுக்குட்டியை வைத்துக்கொண்டு நடனம் ஆடுவதுபோல் இருந்தது, இருவருக்கும் நடனம் தெரியாது என்பதைத் தவிர.

"எனக்குத் தெரியும்" என்றேன். "உனக்கு இங்க பிடிக்கல. சொன்னா நான் வருத்தப்படுவேன்னு சொல்லாம இருக்க."

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "எதை வச்சு அப்படிச் சொல்றீங்க?"

"கேக்கும்போதெல்லாம் துணி, ஈ, கிளிப்புன்னு ஏதாவது சொல்ற."

"ஆசையை வாய்விட்டுச் சொல்லிட்டு, அப்புறம் அது நடக்காமப் போனா..." அவள் பியூனின் மடங்கிய காதை நிமிர்த்திவிட்டாள், அது மறுபடி மடங்கியது. "பேர் வைக்க வேணாம்னேனே, அதேதான் இதுவும். கோழி போச்சு. இதுங்களும் போயிட்டா இருக்கணும்னு எந்த முகத்தோட சொல்றது? பரிசோதனைக் கூடத்துல முடிவு வர்றதுக்கு முன்னாடி யாருக்கும் எதையும் சொல்ல மாட்டோம். பழக்கம் போகல."

நான் அவனை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திப் பிடித்தபோது பியூனின் உடம்பு ஒருமுறை சுருங்கி விரிந்தது. என் காதுக்குப் பக்கத்தில், ஒரு சின்னப் பிராணிக்குள்ளிருந்து வரச் சாத்தியமே இல்லாத ஓர் ஏப்பம் வந்தது. நீளமாக, நிதானமாக, கல்யாணப் பந்தியில் கடைசி ஆளாக எழுந்தவர் விடுகிற ஏப்பம். மேனேஜர்கூட மரியாதையாகத் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

அவனை மெதுவாகத் தரையில் விட்டோம். கால்கள் நாலு திசையில் விரிந்தன. விழப்போகிறான் என்று நான் கையை நீட்டினேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். பியூன் ஒரு காலைச் சேர்த்தான். இன்னொன்றைச் சேர்த்தான். தள்ளாடி, நின்றான். பிறகு சுவரோரம் சாய்த்துவைத்திருந்த துடைப்பத்திடம் போய், அதை முகர்ந்து, அதன் பக்கத்தில் ஓரமாக நின்றுகொண்டான்.

மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். வைக்கோல் தூசி என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. எழுந்து போய்க் கரும்பலகையை நேராகத் திருப்பி மாட்டினாள்.

"நின்னுட்டான்" என்றேன். "இப்பவாவது சொல்லு. வீட்டுக்காரருக்கு என்ன பதில் சொல்றது? இருக்கோமா, போறோமா?"

அவள் திரும்பினாள். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். இந்தத் தடவை அளக்கவில்லை. பார்வை என் கையில் வந்து நின்றது. அங்கே, எப்போது எடுத்தேன் என்று எனக்கே தெரியாமல், நிறைந்த பால் பாட்டில் ஒன்று இருந்தது.

"இருக்கோம்" என்றாள். "பாட்டிலைக் கீழ வைங்க."